அவள் தனக்குப் போட்ட மதிப்பெண்

2024 மார்ச் 12, செவ்வாய். ஐந்து பத்துக்கு எழுந்தேன். தண்ணீர் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டேன். ஏழு நாற்பது டவுன் பஸ். எட்டரைக்குக் கல்லூரியில் கையெழுத்து. இன்டெர்னல் மார்க் ஏற்றும் இணையப் பக்கம் அன்று மாலை நான்கு மணிக்கு மூடப்படும்.

அந்தப் பருவத்தில் தரக் கட்டுப்பாடு பாடத்துக்கு நான் மார்க் போடவில்லை. அறிக்கைகளில் குறைகளை மட்டும் குறித்துத் திருப்பிக் கொடுத்தேன். சரியாகும்வரை மாணவர்கள் மறுபடி எழுதினார்கள். கடைசியில் தனக்கு எவ்வளவு தகும் என்று அவரவரே காரணத்தோடு எழுதித் தர வேண்டும். "நீங்க எழுதுறதை நான் மாத்த மாட்டேன்" என்று முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தேன்.

துறைத்தலைவர் அரைமனதாகத்தான் சம்மதித்தார். "ஏதாவது ஆச்சுன்னா உங்க தலையிலதான் சார் விடியும்."

பதினொன்றரைக்குத் தாள்களைப் பிரித்தேன். தொண்ணூறு, தொண்ணூற்றைந்து, ஒருவன் நூறு. இருபத்தேழாவது தாளில் நாற்பத்தெட்டு. எழுதியவள் நாட்றாம்பாளையத்துப் பெண். மத்திகிரியில் அறை எடுத்துத் தங்கி, மாலை ஷிப்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறாள். அந்த ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. மறுநாள் பத்து மணிக்குக் கல்லூரியில் ஒரு கம்பெனியின் நேர்காணல். ஐம்பதுக்குக் குறைந்தவர் பெயர் பட்டியலில் இருக்காது.

மதியம் அவளைக் கூப்பிட்டேன். "என்னம்மா இது?"

"நாலு ரிப்போர்ட்டை ரெண்டு மூணு தடவ திருப்பி எழுதினேன் சார். ரீவொர்க் பண்ணி சரியாக்கின பீஸை முதல் தடவையே ஓகேன்னு காட்டினா எங்க லைன்ல வேலைய விட்டே அனுப்பிடுவாங்க."

"இங்க திருப்பி எழுதுறதுதாம்மா பாடமே."

வாசலில் நின்ற தோழி உள்ளே எட்டிப் பார்த்தாள். "கம்பெனிகூட இவ்ளோ ரிஜெக்ட் பண்ணாதுடி! அரிச்சந்திரனுக்குத் தங்கச்சி சார் இவ."

அவள் சிரிக்கவில்லை. "நேர்காணலுக்காக ஏத்திக்கிட்டா அது பொய் சார். நீங்களும் மாத்த மாட்டேன்னு சொல்லியிருக்கீங்க." ஷிப்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள்.

மூன்று இருபதுக்கு அவளுக்குப் போன் செய்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது, தொழிற்சாலை கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். மூன்று முப்பத்தைந்துக்கு மறுபடியும். மூன்று ஐம்பத்திரண்டுக்கு நாற்பத்தெட்டை ஏற்றினேன். நான்கு மணிக்குத் திரையில் எல்லாக் கட்டங்களும் சாம்பல் நிறமாயின.

துறைத்தலைவரிடம் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"திருத்தணும்னா தப்பு உங்களுதுன்னு எழுதித் தரணும். விசாரணைன்னு வந்தா அந்தப் பொண்ணு தாளை மட்டும் பாக்க மாட்டாங்க. தனக்கே நூறு போட்டுக்கிட்டவனையும் கேப்பாங்க. உங்களையும் கேப்பாங்க. யோசிச்சுக்குங்க."

ஏழு மணிக்கும் அவள் போன் எடுக்கவில்லை. எட்டுக்கும் இல்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக, மறுபடி எழுதிய அறிக்கைக்கும் முழு மதிப்பு உண்டு என்று மாணவிக்கு விளக்கத் தவறியது நான்தான் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன். கீழே, அவளைக் கேட்காமலேயே, என் கணக்கில் அவளுக்குத் தகும் எண்பத்தாறை எண்ணாலும் எழுத்தாலும் போட்டுக் கையெழுத்திட்டேன்.