முறத்தளவு பச்சை

பாபநாசத்தில் எங்கள் தெருவில் துணி தைக்கும் அம்சவல்லி அக்காவின் வீட்டுப் பின்சுவர் வாய்க்காலைப் பார்த்து நிற்கிறது. ஐப்பசி மழை விழுந்ததும் அந்தச் செங்கல் சுவரில் பச்சைப் பாசி பிடித்துவிடும். எல்லாச் சுவரிலும் பிடிப்பதுதான். ஆனால் இந்தப் பாசியின் பெயர் என்ன என்று தெரிந்துகொள்ள அக்கா கல்யாணத்துக்கு முன்பிருந்தே காத்திருந்தார்.

கும்பகோணத்தில் தாவரவியல் படித்தபோது அவருடைய சிநேகிதி நாகூர் அனீஸா. விடுதியில் இருந்த அனீஸா ஒரு மார்கழி விடுமுறையில் இந்த வீட்டில் வந்து தங்கினார். இருவரும் முழங்கால் தண்ணீரில் நின்றபடி பிளேடால் பாசியைச் சுரண்டி, ஒரே லென்ஸை மாற்றி மாற்றிக் கண்ணில் வைத்துப் பார்த்தார்களாம். ஈரத்தில் இலை நாக்கு மாதிரி விரிந்தது. காய்ந்தால் ஓரம் உள்ளே சுருண்டது. அக்கா ‘ஹையோஃபிலா’ என்றார். அனீஸா ‘பார்புலா’ என்றார்.

இலையை மட்டும் வைத்து அந்தச் சண்டையைத் தீர்க்க அவர்களால் முடியவில்லை. காயைப் பார்க்க வேண்டும். பாசிக்குப் பூ கிடையாது. மயிர் போன்ற காம்பின் நுனியில் கடுகைவிடச் சிறிய காய் வரும், அதற்கு மூடியும் இருக்கும். மூடியை எடுத்ததும் வாயைச் சுற்றி முறுக்கிய நூல் மாதிரிப் பற்கள் தெரிந்தால் பார்புலா. வாய் மொட்டையாக இருந்தால் ஹையோஃபிலா.

“தோத்தவ ஜெயிச்சவ வீட்டுக்கு வந்து, நீ சொன்னதுதான் சரின்னு ஒத்துக்கணும்” என்று பந்தயம் கட்டினார்கள்.

பிறகு ஆளுக்கொரு பக்கமாகக் கல்யாணம், பிள்ளைகள். அக்காவின் லென்ஸ் தையல் மெஷின் டிராயருக்குப் போனது. ஆனாலும் ஒவ்வொரு மார்கழியிலும் நாகூரிலிருந்து போன் வரும். “காய் முத்திருச்சாடி?”

முற்றுவதற்குள் பொங்கல் வந்துவிடும். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த அவர் கணவர் தியாகேசன் போகிக்கு முன்னால் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்துவிடுவார். ஒரு வருஷம் அதற்குத் தப்பிய ஒரு காய் மாசியில் கிடைத்தது. அக்கா உடனே நாகூருக்குப் போன் போட்டார்.

“வாய் மொட்டைடி! நாந்தான் ஜெயிச்சேன்.”

“மூடி இருந்துச்சா?”

“இல்ல, விழுந்துருச்சு.”

“அப்ப பல்லும் விழுந்திருக்கும். கெழவியப் புடிச்சு வச்சுக்கிட்டு இவளுக்குப் பல்லே மொளைக்கலன்னு சொல்லுவியா?”

இந்த மார்கழியில் அனீஸாவின் குரல் வேறு மாதிரி இருந்தது. “விட்ருடி. எதுவா இருந்தா என்ன இப்ப?”

போனை வைத்த பிறகு அக்கா மெஷினை மிதிக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பந்தயம் போனால் அடுத்த மார்கழி போன் வராது.

தியாகேசன் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டிருந்தபோது அக்கா போய் நின்றார்.

“ஏங்க, இந்த எடத்த மட்டும் விட்ருங்க. மொறம் அளவுக்கு.”

“பொங்கலும் அதுவுமா? சுண்ணாம்பு வாங்க வக்கில்லன்னு பேசுவானுங்க.”

“எம் பொண்டாட்டிக்குக் கிறுக்குன்னு சொல்லிருங்க.”

“அத நான் வேற தனியா சொல்லணுமாக்கும்?”

சொன்னாரே தவிர, சுற்றிலும் பார்த்துப் பார்த்துத்தான் அடித்தார். பச்சை மேல் தெறித்த சுண்ணாம்பை ஈரத்துணியால் ஒற்றியும் எடுத்தார். வாய்க்காலில் துணி துவைத்த பெண்கள் விடவில்லை. “என்ன அம்சவல்லி, வீட்டோட மாப்பிள்ளைக்கு அளந்துதான் சுண்ணாம்பு குடுத்தியா?”

தை பிறந்து சில நாளில் காய்கள் பழுப்பேறின. மூடி விழவில்லை. அக்கா ஒன்றைக் கிள்ளி, வெள்ளைத் துணித் துண்டில் வைத்து, தையல் ஊசி முனையால் மூடியை நெம்பினார். லென்ஸை வைத்துப் பார்த்தார். வாய் மொட்டை. அடுத்ததும் மொட்டை. அதற்கடுத்ததும்தான். போட்டோ எடுத்து நாகூருக்கு அனுப்பிவிட்டு போன் போட்டார்.

“மூடியோட இருந்துச்சா?”

“நாந்தான் ஊசியால எடுத்தேன்.”



“போட்டோல எனக்கு ஒண்ணும் தெரியல.”

“அதனால?”

“நேர்ல பாக்காம நான் ஒத்துக்க மாட்டேன். சுவத்துல ஒருத்தரும் கை வைக்காம பாத்துக்க. சனிக்கிழமை மொத பஸ்ஸுக்கே வர்றேன்.”

அக்கா வாய்க்காலில் இறங்கி, ஒரு கை தண்ணீர் அள்ளி, மிச்சமிருந்த பச்சையின் மேல் தெளித்தார்.