ஐந்து பிள்ளைக்கு ஓர் ஆள்

எட்டாம் வகுப்போடு நான் நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு லாரியில் கிளீனர், திருப்பதியில் ஓட்டல் வேலை, பெங்களூரில் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை என்று காலில் சக்கரத்தோடு திரிந்தேன். ஓர் ஊரில் ஆறு மாதம் இருந்தால் அடுத்த ஊர் கூப்பிடும். அப்படித் திரிந்தவன் ஒன்றரை மாதம் முழுதாக ஓர் ஏரிக்கால்வாயில் மண் வெட்டினேன். சரியாகச் சொன்னால், அங்கே என் மகள்தான் ஒரு கணக்கில் ஐந்தாவது ஆளாக இருந்தாள்.

பெங்களூரில் டைல்ஸ் வெட்டும் கட்டர் இடது கை விரலில் ஏறிவிட்டது. நான்கு தையல். மேஸ்திரி, "ஊருக்குப் போய் ஆறவச்சிக்கினு வா" என்றார். வந்தேன். செவிலிமேட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு. என் மனைவி கார்களுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். காலை ஐந்தே காலுக்குக் கம்பெனி பஸ் வரும். மகள் பிறந்தபோது ஆறு மாதம் சம்பளத்தோடு லீவு கொடுத்தார்கள். குழந்தைகளை விட்டு வேலை செய்ய அங்கே ஓர் அறையும் உண்டு. பொம்மை, மெத்தை, பார்த்துக்கொள்ள ஓர் அம்மா, எல்லாம் உண்டு. ஆனால் பஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரம் போக வேண்டும், ஒன்றே கால் மணி நேரம் வர வேண்டும். மூன்று நாள் தூக்கிக்கொண்டு போனாள். மூன்று நாளும் குழந்தை அவள் மேலும் பக்கத்து சீட்டுக்காரி மேலும் வாந்தி எடுத்தது. நாலாவது நாள் பக்கத்து சீட்டுக்காரியே வேறு சீட் பார்த்துக்கொண்டாள்.

மகள் நடக்க ஆரம்பித்ததும் பால்வாடியில் விட்டோம். நான் விரலோடு வந்து சேர்ந்த வாரம் பால்வாடி டீச்சர் பிரசவ லீவில் போய்விட்டார். டீச்சருக்கும் குழந்தை பிறக்கத்தானே செய்யும்? பக்கத்து ஊர் டீச்சர் கூடுதல் பொறுப்பாக வாரத்தில் இரண்டு நாள் வந்து ஒரு மணி நேரம் திறந்து மூடினார். அதனால் என் மனைவி ஓர் ஏற்பாடு செய்தாள்.

"நீதான் வூட்டுல குந்திக்கினு இருக்கியே, பாத்துக்கோ."

"நூறு நாள் வேலைக்குப் பேர் கொடுத்துட்டேனே."

"கூட இட்டுக்கினு போ. பொம்பளைங்க இட்டுக்கினு போறதில்லையா?"

மூன்றரை வயது மகளையும் ஒரு தண்ணீர் பாட்டிலையும் இரண்டு பிஸ்கட் பாக்கெட்டையும் தூக்கிக்கொண்டு போனேன்.

ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயைத் தூர் வாரும் வேலை. முப்பது பேரில் ஆண்கள் நாலே பேர். காலையில் ஒரு தடவை, மதியத்துக்கு மேல் ஒரு தடவை, பணித்தளப் பொறுப்பாளர் செல்போனில் போட்டோ எடுப்பார். இரண்டு போட்டோவிலும் முகம் இருந்தால்தான் வந்ததாகக் கணக்கு. பொறுப்பாளர் பன்னிரண்டாவது முடித்த எங்கள் ஊர்ப் பெண். வயது இருபத்திரண்டு இருக்கும். எங்கள் எல்லோருக்கும் அவள்தான் கலெக்டர். முதல் நாள் போட்டோவுக்கு மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணா, பாப்பா உன் மூஞ்சிய மறைக்குது. இறக்கு."

பக்கத்தில் நின்ற அத்தை சத்தமாகச் சிரித்தார். எனக்கு அவர் சொந்த அத்தை இல்லை. ஏரிக்கரையில் எல்லோருக்கும் அத்தை. ஐம்பது வயது. இரண்டு முட்டியும் தேய்ந்து போனவர். வாய் மட்டும் தேயவில்லை.

"பெங்களூருக்குப் போய் இன்னா கத்துக்கினு வந்தானோ தெரியல. புள்ளைய இடுப்புல வைக்க மட்டும் நல்லாக் கத்துக்கினு வந்துகிறான்."

பிள்ளைகள் மொத்தம் ஐந்து பேர் வந்தார்கள். ஒரே வீட்டு அண்ணன் தம்பி இருவர். எப்போதும் மூக்கொழுகும் ஒரு பையன். என் மகள். அப்புறம் எட்டு மாதக் கைக்குழந்தை ஒன்று. கதையே அந்தக் கைக்குழந்தையின் அம்மாவைப் பற்றியதுதான்.

அவள் பிள்ளையார்பாளையத்திலிருந்து எங்கள் ஊரில் வாடகைக்கு வந்தவள். புருஷன் வீட்டிலேயே பட்டுத்தறி போட்டிருந்தார். குழந்தையை வீட்டில் அவரிடம் விட்டுவிட்டு வரலாமே என்று நானும் முதலில் நினைத்தேன். தறியில் உட்காருகிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கத் தரையில் குழி இருக்கும். குழந்தை தவழ ஆரம்பித்த நாலாம் நாள் நேராகப் போய் அந்தக் குழியில் விழுந்தது. அப்பன் காலின் மேலேயே விழுந்ததால் அடியில்லை. அதற்கப்புறம் அந்த மனிதருக்கு ஒரு கண் குழந்தை மேலேயே இருந்தது. ஒரு கண்ணால் பட்டுப்புடவை நெய்ய முடியாது. புட்டாப் பூ இடம் மாறி, இரண்டு முழம் நெய்ததைப் பிரிக்க வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து இவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

வேப்பமரக் கிளையில் புடவையால் தூளி கட்டினாள். வெயில் நகர நகர நிழலும் நகர்ந்தது. அவள் பத்து நிமிடம் மண் அள்ளுவாள், ஓடிப்போய்த் தூளியை நகர்த்துவாள். பால் கொடுப்பாள். எறும்பைத் தட்டுவாள். திரும்பி ஓடி வருவாள். எங்களைக் குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் இவ்வளவு மண் என்று அளந்து விட்டிருந்தார்கள். ஒருத்தி குறைவாக அள்ளினால் மற்றவர்கள் கூடுதலாக அள்ள வேண்டும். இரண்டு வாரம் அள்ளினார்கள். மூன்றாவது வாரம் குழுவில் ஒருத்தி சொன்னாள்:

"தப்பா நெனச்சிக்காதம்மா. புள்ள கொஞ்சம் பெருசானப்புறம் வாயேன். எங்களால முடியல."

சொன்னவள் மேல் குற்றமில்லை. அவள் முதுகும் முதுகுதான். இவள் தண்ணீர் குடித்தாள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் புரிந்தது. தறியில் ஏற்றப் பாவு நூல் கிடைக்காத மாதங்களில் அந்த வீடு இவள் வேலையில்தான் ஓடியது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அன்று மதியம் பொறுப்பாளர் பெண் பயிற்சியில் கொடுத்த புத்தகத்தோடு வந்தாள்.

"இதுல ஒண்ணு போட்டிருக்குது. வேலைக்கு வர்ற பொம்பளைங்க கூட அஞ்சு சின்னப் பிள்ளைங்க வந்தா, பாத்துக்க ஒரு பொம்பள ஆளப் போடலாமாம். அவங்களுக்கும் இதே கூலி. மண்ணு அள்ள வேணாம்."

எல்லோரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கரை ஏறினார்கள்.

"இத்தன நாளா இத எங்க ஒளிச்சி வச்சிருந்த?" என்றார் அத்தை.

"இன்னிக்குத்தான் அத்த அந்தப் பக்கத்தத் தெறந்தேன்."

எண்ணினோம். ஐந்து பேர் இருந்தார்கள். பொறுப்பாளர் பெண் மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, நீ ஆம்பள."

"ஆமாம்மா."

"பொம்பளைங்க கூட வர்ற பிள்ளைன்னு போட்டிருக்குது. பாப்பா உன்கூட வருது."

அதாவது நான்குதான். எழுதியவர்கள் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. எந்த ஆம்பளை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மண்வெட்ட வருகிறான், அவர்கள் கணக்கில் சேர்க்க? ஆனால் கைக்குழந்தைக்காரியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அத்தைதான் பேசினார். "ஏம்மா, காலையில அடிபம்பு கிட்டயிருந்து இந்தப் பொண்ணு யாரு கூட வருது? நல்லாப் பாத்திருக்கியா?"

உண்மைதான். என் மகளுக்கு அந்தக் கைக்குழந்தையின் கால் பிடிக்கும். அடிபம்பு அருகே அவர்கள் வருவதைப் பார்த்துவிட்டால் என் கையை உதறிவிடுவாள். அங்கிருந்து ஏரிவரைக்கும் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு அவளோடுதான் நடப்பாள். நான் பிஸ்கட் பாக்கெட்டோடு பின்னால் வருவேன்.

"அப்ப என்கூடத்தான் வருது," என்றாள் கைக்குழந்தைக்காரி. இரண்டு வாரத்தில் அவள் சத்தமாகப் பேசியது அன்றுதான்.

பொறுப்பாளர் பெண் எழுதிக்கொண்டாள். யாரை ஆளாகப் போடுவது என்று கேட்டதும் அத்தை கையைத் தூக்கினார்.

"உனக்குப் புள்ளைங்களப் புடிக்குமா அத்த?"

"புடிக்காது. முட்டி வலிக்குது, அதான்."

பிடிக்காத வேலையை அவர் நன்றாகச் செய்தார். ஒரே அதட்டலில் ஐந்தும் நிழலில் உட்காரும். மூக்கொழுகிக்கு மூக்கு சுத்தமானது. தூளி நிழலோடு நகர்ந்தது. கைக்குழந்தைக்காரி பால் கொடுக்க மட்டும் வந்துபோனாள். மற்ற நேரத்தில் குழுவில் யாருக்கும் குறையாமல் அள்ளினாள். வரவேண்டாம் என்று சொன்னவளே, "கொஞ்சம் மெதுவா அள்ளும்மா, எங்களக் கொன்னுடாத" என்றாள்.

பத்து நாள் கழித்து ஒன்றிய ஆபீசிலிருந்து ஒரு மேடம் ஆய்வுக்கு வந்தார். அளவெல்லாம் பார்த்துவிட்டு வேப்பமரத்தடிக்கு வந்தார். பெயர்களைக் கூப்பிட்டு, எந்தப் பிள்ளை யாருடையது என்று கேட்டார். என் மகள் முறை வந்தது. அவளே என்னைக் காட்டி, "எங்கப்பா" என்று சொல்லிவிட்டாள்.

மேடம் பேனாவை நிறுத்தினார். "அப்பா கூட வர்ற குழந்தையா? ஏம்மா, அப்ப நாலுதானே ஆகுது?"

கைக்குழந்தைக்காரி கால்வாயிலிருந்து மண்ணோடு ஏறி வந்தாள்.

"என்கூடத்தான் மேடம் தெனம் வருது. வேணும்னா நாளைக்கு அடிபம்பு கிட்ட வந்து பாருங்க."

அந்த நேரம் மேடத்தின் போன் அடித்தது. "ஸ்கூல் வேன் இன்னும் வரலியா? வந்ததும் பாப்பாவப் பக்கத்து வீட்டுல குந்த வை. நான் அரை மணி நேரத்துல வந்துடறேன். இல்லப்பா, ஒரு மணி நேரம்." பேசிவிட்டுப் போனைப் பையில் வைத்தார். பிறகு ஏட்டில் கையெழுத்துப் போட்டார்.

"யார் கூட நடந்து வருதோ அவங்க கூட வருதுன்னுதான் அர்த்தம்," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அடுத்த வாரம்தான் எனக்குச் சோதனை வந்தது. விரல் ஆறிவிட்டது. பெங்களூர் மேஸ்திரி போன் செய்தார். ஹூப்ளியில் ஒரு கல்யாண மண்டபம், தரை முழுக்க டைல்ஸ், திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். வழக்கமாக இப்படி ஒரு போன் வந்தால் பேசி முடிப்பதற்குள் பையில் சட்டை இருக்கும். இந்தத் தடவை மகளை என்ன செய்வது என்ற கேள்வி இருந்தது. அவளை ஆரணியில் மாமியார் வீட்டில் விடலாம். விட்டால் ஏரிக்கரையில் நான்குதான். நான்கு ஆனால் அத்தை மண் அள்ள வேண்டும். கைக்குழந்தைக்காரி வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு மூன்றரை வயதுப் பெண்ணின் மேல் இத்தனை பாரம்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன்.

"போ. உன்ன யார் புடிச்சிக் கட்டி வச்சிருக்காங்க?" என்றார் அத்தை. "பொண்ண மட்டும் வுட்டுட்டுப் போ. மண்ணு அள்றதுல நீ போனா ஒரு பாண்டு மண்ணு கூடக் கொறையாது."

"யாரு அத்த காலையில இட்டுக்கினு வருவாங்க? அவ அம்மா அஞ்சே காலுக்கே பஸ் ஏறிடறா."

கைக்குழந்தைக்காரி டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள். "இன்னாண்ணா இது. என்கூட வருதுன்னுதான எழுதி வச்சிருக்குது. உன் வீட்டுக்காரம்மா பஸ்ஸுக்குப் போறப்ப எங்க வீட்ல வுட்டுட்டுப் போகட்டும். இன்னும் ஒரு மணி நேரம் தூங்கும், எழுப்பி, தலவாரி இட்டுக்கினு வரேன். நெய்யாத நேரத்துல அவரு தறிக்குழி மேல பலக போட்டு வச்சிடுறார். சாயந்தரமும் எங்க வீட்லயே இருக்கட்டும்."

என் மனைவியிடம் சொன்னேன். "இத மொதல்லியே யாராவது சொல்லியிருந்தா, நீ பெங்களூர்லயே இருந்திருக்கலாம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் அன்று ராத்திரி பையில் சட்டை வைக்க எனக்கு வெகுநேரம் ஆனது.

திங்கட்கிழமை காலை பையோடு அடிபம்பு அருகே நின்றேன். கைக்குழந்தைக்காரி, குழந்தை, என் மகள், மூவரும் வந்தார்கள். மகள் தலைக்கு இரட்டை ஜடை போட்டுப் பட்டு நூல் கழிவில் சிவப்பாக முடிச்சுப் போட்டிருந்தார்கள். நான் அப்படி ஒருநாளும் வாரிவிட்டதில்லை. கைக்குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டு ஏரிப் பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்ப்பாள் என்று செவிலிமேடு பஸ் வரும்வரை நின்றேன். பார்க்கவில்லை.

ஹூப்ளியில் மூன்றாம் நாள் மதியம் பொறுப்பாளர் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"அஞ்சு இருக்குதாம்மா?"

"இருக்குதுண்ணா. இரு, போட்டோ எடுத்துக்கினு இருக்கேன்." பின்னால் அத்தை யாரையோ அதட்டும் சத்தம் கேட்டது. மறுபடி அவள் குரல். "ரெண்டு ஜடையும் நல்லாத் தெரியுதுண்ணா. உன் மூஞ்சிய யாரும் தேடல."