பவுனு சித்தியின் பிடி

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வருவதாகச் சொன்னதால் போன வாரம் பரணை ஒழித்தேன். அட்டைப்பெட்டி ஒன்றைத் திறந்ததும் ஒரு நெடி வந்தது. வெயிலில் கிடந்து இளகிப்போன ரப்பர் செருப்பின் நெடி. உள்ளே பழைய வீடியோ கேம் கண்ட்ரோலர் இரண்டு, ஒயர் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. ஒன்றை எடுத்தேன், ரப்பர் பிசுபிசுவென்று விரலில் ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் அன்று சாயங்காலம் வரை கையில் அந்த வாசம் போகவில்லை. மோர்ச்சோறு பிசையும்போதுகூட வந்தது.

ஒன்றின் இடது பக்கக் குமிழ் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. அது பூங்கொடியுடையது.

நான் அப்போது அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். மணிக்கொரு தரம் மாதிரி எடுத்துச் சோதிக்கிற வேலை. புருவத்தில்கூட சுண்ணாம்புத் தூசி படிந்திருக்கும். கல்யாணமான புதிதில் பூங்கொடி என்னைப் பார்த்து, வயசான காலத்தில் நான் எப்படி இருப்பேன் என்று இப்போதே தெரிந்துவிட்டதாகச் சொல்வாள். அவளுக்கு ஊர் வேப்பந்தட்டை. அரியலூரில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சர். படிக்கிற காலத்தில் கபடி ஆடியவள். ரைடு வருகிறவர்களைப் பிடிக்கிற ஆள், இடது மூலையில் நிற்பாள். ஒருமுறை விளையாட்டாக என் கணுக்காலைப் பிடித்துக் காட்டினாள். எழுந்து வேலைக்குப் போக மதியமாகிவிட்டது. ஆலையில் படியில் தவறி விழுந்ததாகச் சொல்லிச் சமாளித்தேன்.

வெளிநாட்டுக்குக் கிளம்பிய ஒரு நண்பன் தன் கேம் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். அதில் ஒரு சண்டை விளையாட்டு இருந்தது. இரண்டு பேர் ஆளுக்கொரு வீரனைத் தேர்ந்தெடுத்து மோத வேண்டும், அவ்வளவுதான். நான் வாள் வைத்திருக்கும் ஒல்லிப் பையனை எடுத்தேன். குதிப்பான், சுழல்வான், பார்க்க அழகாக இருப்பான். பூங்கொடி பட்டியலை மெதுவாகப் பார்த்துக்கொண்டே போய் ஒரு ஆளில் நிறுத்தினாள். மலை மாதிரி ஒரு மல்யுத்தப் பொம்பளை. கன்னத்தில் தழும்பு, கையோ ஒவ்வொன்றும் உரல் மாதிரி.

"எங்க பவுனு சித்தி மாதிரியே இருக்கா," என்றாள்.

வேப்பந்தட்டையில் அவள் சித்தி ஒருத்தி மக்காச்சோள மூட்டையைத் தனியாகத் தூக்கி டிராக்டரில் போடுவாளாம். அன்றிலிருந்து அந்தப் பொம்மைக்கு அதுதான் பெயர். விளையாட்டை உருவாக்கியவர்கள் வைத்த பெயர் எனக்கு இன்றுவரை வாயில் நுழைந்ததில்லை.

பவுனு சித்தி அந்த விளையாட்டிலேயே மெதுவான ஆள். ஓட மாட்டாள், குதித்தால் பாறை விழுவதுபோல விழுவாள். ஆனால் அவளிடம் ஒரு பிடி இருந்தது. இடது கட்டைவிரலால் குமிழைப் பின்னாலிருந்து கீழே கொண்டுபோய் முன்னால் அரைவட்டமாகச் சுற்றி, அதே நொடியில் வலது கையால் ஒரு பொத்தானைத் தட்ட வேண்டும். ஒன்றரைக் கை தூரத்தில் யார் நின்றாலும் இழுத்து, தலைக்கு மேல் தூக்கி, தரையில் போடுவாள். தடுக்க வழியே கிடையாது. மூன்று பிடி விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

நான் அவளைச் சுற்றிச் சுற்றிக் குதிப்பேன். பூங்கொடி அசையாமல் காத்திருப்பாள், மூச்சுக்கூட மெதுவாகத்தான் விடுவாள். நான் ஒரு அடி கூடுதலாக உள்ளே வந்ததும் அவள் கட்டைவிரல் சுழலும். கபடியில் அவசரப்படுகிறவன்தான் முதலில் வெளியே போவான் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவாள். அந்த வருடம் முழுக்க நான் ஜெயித்த ஆட்டங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். ஆலையில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

பிறகு இரண்டாம் பாகம் வந்தது. திருச்சிக்குப் போய் வாங்கி வந்தோம். பஸ்ஸில் அவள் அந்தக் குறுந்தகட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து முதல் ஆட்டத்திலேயே அவள் பிடி காற்றில் போனது. இரண்டாவதும் போனது. இணையத்தில் தேடிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சித்தியின் பிடி அநியாயம் என்று உலகம் பூராவும் புகார் சொல்லியிருக்கிறார்கள். பிடிக்கும் தூரத்தைக் குறைத்துவிட்டு, பதிலுக்கு நாலடி ஓடுகிற திறனைக் கொடுத்திருந்தார்கள்.

"கையக் குட்டையாக்கிட்டானுங்க," என்றாள் பூங்கொடி. யாரோ நிஜமான ஆளுக்கு நடந்ததுபோலத்தான் சொன்னாள்.

அதோடு விடவில்லை. கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டும் என்றாள். அவள் தமிழில் சொல்லச் சொல்ல எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தட்டினேன். மெதுவாக இருக்கிற ஆளுக்கு இருந்த ஒரே சொத்து அது, அதை எடுத்துவிட்டு ஓடச் சொல்வது என்ன நியாயம் என்பதுதான் சாரம். கருத்துக்கு நன்றி என்று தானாகவே ஒரு பதில் வந்தது. அதை அவள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் காட்டியிருக்கிறாள்.

"கேம்தானே, பழகிக்க," என்றேன் நான். அப்போது அந்த வார்த்தையில் ஒன்றும் இல்லை. அவளும் ஓடிப் பிடிக்கப் பழகிக்கொண்டு மறுபடி என்னைத் தூக்கிப் போட்டாள்.

மூன்றாம் பாகத்தில் பிடியையே எடுத்துவிட்டார்கள். அரைவட்டம் சுற்றினால் ஏதோ ஒரு உதை விட்டாள். முகம் அதேதான், தழும்பும் அதே இடத்தில்தான் இருந்தது. பூங்கொடி இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு, இது சித்தி இல்லை, சித்தி முகத்தை மாட்டிக்கொண்டு வேற எவளோ நிற்கிறாள் என்றாள். குறுந்தகட்டை டப்பாவில் போட்டு மூடினாள். நாங்கள் முதல் பாகத்துக்கே திரும்பினோம். அந்த நாட்களில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பெரம்பலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டி ஓட்டியது நான். பேரளி தாண்டி, முன்னால் போன லாரியை முந்தப் பார்த்தேன். முந்தியிருக்க வேண்டியதில்லை. வீட்டில் யாரும் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. சாலையோரம் கொட்டிக்கிடந்த ஜல்லியில் சக்கரம் ஏறியது. எனக்கு முழங்கையில் தோல் வழன்றது. பூங்கொடி இடது தோளைக் கொடுத்து விழுந்தாள்.

எலும்பு ஒன்றும் உடையவில்லை என்று முதலில் சந்தோஷப்பட்டோம். திருச்சியில் பெரிய டாக்டர் ஒருவர்தான் விளக்கினார். கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புகள் வேரோடு பிய்ந்துவிட்டன. ஆபரேஷன் செய்தார்கள். முழங்கை கொஞ்சம் மடங்க ஆரம்பித்தது. விரல்களுக்கு அசைவு கடைசிவரை வரவில்லை.

என்னால்தான் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சொல்லாததால் நான் அதற்கும் இதற்கும் ஓட ஆரம்பித்தேன். ஒற்றைக் கையால் காய் நறுக்க ஆணி அடித்த பலகை செய்து கொடுத்தேன். கொக்கி வைத்த ஜாக்கெட் வேண்டாம், ஜிப் வைத்துத் தைக்கலாம் என்று டெய்லரிடம் போனேன். பள்ளியில் அவளை நூலகத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் ஜன்னல் வழியாக மைதானம் தெரியும், நல்லதுதானே என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். ராத்திரியும் பகலும் என் வாயில் இருந்த ஒரே வார்த்தை, பழகிக்கலாம்.

அந்த நேரத்தில்தான் நான்காம் பாகம் வந்தது. அதைப் பற்றி இணையத்தில் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பவுனு சித்திக்குப் பழைய பிடியைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள், பழைய தூரத்தோடு. அது மட்டுமில்லை. புதிதாக விளையாட வருகிறவர்களுக்காக எளிய முறை ஒன்று வைத்திருந்தார்கள். அரைவட்டம் சுற்ற வேண்டாம், ஒரே பொத்தானைத் தட்டினால் போதும். அடியின் பலம் மட்டும் கொஞ்சம் குறையும். எங்கேயோ இருக்கிற ஒருவன் பூங்கொடிக்காகவே உட்கார்ந்து யோசித்ததுபோல இருந்தது எனக்கு. அதற்கென்று புதுப் பெட்டியே வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். கண்ட்ரோலரை அவள் மடியில் வைத்து, எந்தப் பொத்தான் என்று காட்டிக் கொடுத்தேன்.

என் வாள்காரனைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் வலது கையால் ஒரு தட்டுத் தட்டினாள். சித்தி அவனை இழுத்துத் தூக்கித் தரையில் போட்டாள். நான் கைதட்டினேன். பூங்கொடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நான் புடிக்கலீங்க," என்றாள். "அதுவாப் புடிச்சுது."

கண்ட்ரோலரை மெத்தையில் வைத்தாள். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தேடிக் கொண்டுவந்தேனே என்கிற கோபம்.

"அப்ப எதுக்குத்தான் நீ பழகுவ?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

"கை போயி ஒண்ணரை வருசம் ஆச்சு. ஒரு நாளாச்சும் என்கூட உக்காந்து அழுதிருக்கீங்களா? பலகை செஞ்சீங்க, ஜிப்பு வச்சீங்க. என் கை போனது உங்களுக்குத் தெரியுமான்னே எனக்குத் தெரியல."

அப்போதாவது அழுதிருக்கலாம். நான் எழுந்து டிவியை அணைத்தேன். அழ ஆரம்பித்தால் லாரியை முந்தியதில்தான் போய் நிற்பேன், அந்த இடத்துக்குப் போக எனக்குத் துணிச்சல் இல்லை. இதை இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு என்னிடம் இருந்தது கோபம் மட்டும்தான்.

ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று வேப்பந்தட்டைக்குப் போனாள். ஆவணியும் அங்கேயே கழிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போவேன். அவள் அம்மா கோழி அடித்துப் போடுவார். பூங்கொடி எதிரில் உட்கார்ந்து என் வேலையைப் பற்றி விசாரிப்பாள். விருந்தாளியிடம் பேசுவதுபோல இருக்கும். வாரம் ஒருமுறை போய்க்கொண்டிருந்தது மாதம் ஒருமுறையாயிற்று. கடைசியில் அவள்தான் சொன்னாள், ரெண்டு பேரும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று. என்மேல் வெறுப்பு இல்லை என்றும் சொன்னாள். என்னைப் பார்க்கிறபோதெல்லாம் தைரியமாக இருக்க வேண்டியிருக்கிறது, அது களைப்பாக இருக்கிறது என்றாள்.

பெரம்பலூர் கோர்ட்டில் எல்லாம் முடிந்த அன்று எதிர்க்கடையில் டீ குடித்தோம். அவள் ஊரில் பெண்பிள்ளைகளுக்குக் காலையில் கபடி சொல்லித் தருவதாகச் சொன்னாள். பிடித்துக் காட்ட முடியாது, வாயால் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும், அதனால் தொண்டை கட்டிவிடுகிறது என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. ஒருநாள் வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "வேணாங்க," என்றாள். அப்புறம், "உடம்பப் பாத்துக்குங்க. அந்தத் தூசில மாஸ்க் போடுங்க," என்றாள். வேப்பந்தட்டை பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

பின்னால் ஐந்தாம் பாகமும் வந்தது என்று கேள்விப்பட்டேன். வாங்கவில்லை. யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியலை மட்டும் போனில் பார்த்தேன். என் வாள்காரன் இருக்கிறான், தாடி வைத்துவிட்டார்கள். அந்த மல்யுத்தப் பொம்பளை இல்லை. அவளைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் குறைந்துவிட்டதால் விட்டுவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு அரியலூரில் ஆள் கிடையாது. பூங்கொடி வேலை பார்த்த பள்ளியும் இப்போது இல்லை, அந்த மைதானத்தில் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள்.

அன்று கோர்ட்டிலிருந்து நான் அரியலூர் பஸ்ஸில் திரும்பினேன். ஜன்னலோர இடம் கிடைத்தது. பேரளி தாண்டியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், சத்தமே வந்துவிட்டது. முன்சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா திரும்பித் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"யாராச்சும் தவறிட்டாங்களாப்பா?" என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா," என்றேன். தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.

அந்தச் சாலையை இப்போது அகலப்படுத்திவிட்டார்கள். வளைவை நேராக்கி, மரங்களை வெட்டி, நடுவில் அரளிச்செடி வைத்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறையாவது அந்த வழியாகப் போகிறேன். எந்த இடத்தில் விழுந்தோம் என்று கேட்டால் என்னால் காட்ட முடியாது.