பாசிக்குப் போட்ட வெளுப்புத் தூள்

மருதமுனையில் தறி வைத்திருக்கும் நான், கண்ணாடித் தொட்டியில் கடல்நீரும் மணலும் இட்டு நான்கு வரிமீன்கள் வளர்த்தேன். காய்ச்சலில் படுத்திருந்த மகளுக்கு அவைதான் ஆறுதல். என் நாட்குறிப்பின்படி நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் காலை, பச்சைப் பாசி படர்ந்த மணலை அள்ளி, நூல் வெளுக்கும் தூளில் ஊறவைத்து, இரண்டு தடவை மட்டும் அலசித் திரும்பப் போட்டேன். நண்பகல் ளுஹர் தொழுகைக்குள் மூன்று மீன்கள் செத்து மிதந்தன.

"வாப்பா, மத்ததும் வாயப் பிளக்குது," என்றாள் மகள்.

"மீனென்ன நூலா, வெளுக்கிறதுக்கு? கெதியாக் கடல்தண்ணி அள்ளிட்டு வாங்க," என்றாள் மனைவி.

சட்டியில் புதுக் கடல்நீர் விட்டு மாற்றியதும் அந்த ஒன்று பிழைத்தது.

இப்போது வெயில் படும் பக்கத்தைத் துணியால் மறைத்து, பாசியை ஈர்க்கால் கிளறி எடுக்கிறேன். தொட்டியில் கை வைக்குமுன் மகளிடம் கேட்கிறேன்.