ஒட்டுக்கேட்க யாருமில்லை

அந்தமானில், போர்ட் பிளேரின் டெலானிபூரில் மின்துறை என் கணவருக்கு ஒதுக்கிய குவார்ட்டர்ஸின் பின்னறையில் உட்கார்ந்து ஆப் எழுதிப் பிழைப்பவள் நான். கல்யாணத்துக்கு முன் சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் ஆறு வருஷம் இருந்தேன். தீவுக்குத் திரும்பியபோது இங்கே ஆப் எழுதத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். அதனால் எனக்குத் தெரியாததும் எனக்குத் தெரியும் என்று பலரும் நம்பினார்கள். நானும் மறுக்கப் போகவில்லை.

தீவுகளுக்கிடையே பயணிகள் படகு விடும் ஒரு தனியார் கம்பெனிக்கு டிக்கெட் ஆப் எழுதிக் கொடுத்தது அப்படித்தான். அதன் மேனேஜர் பரமக்குடிப் பக்கத்துக் குடும்பம் என்றாலும் போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்தவர். கோபம் வந்தால் பேச்சு பாதி தமிழிலும் பாதி இந்தியிலும் வரும். சீசன் தொடங்குவதற்குள் ஆப் வேண்டும் என்று அவசரப்படுத்தினார். நானும் அவசரமாகவே முடித்தேன்.

அந்த அவசரத்தில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். போனில் இருக்கும் ஆப், கம்பெனியின் சர்வரோடு பேசத் தொடங்குமுன் சர்வர் தன் அடையாளச் சான்றிதழைக் காட்டும். அது அசல்தானா என்று பார்த்த பிறகே ஆப் பேச வேண்டும். இல்லையென்றால் நடுவில் ஒருவன் உட்கார்ந்துகொண்டு "நான்தான் சர்வர்" என்று சொல்லி, போகிற வருகிற எல்லாவற்றையும் படிக்கலாம், மாற்றலாம். சோதனைக்காக நான் வீட்டில் வைத்திருந்த சர்வருக்கு முறையான சான்றிதழ் கிடையாது. ஆப் ஒவ்வொரு முறையும் அடம்பிடித்தது. எதைக் காட்டினாலும் ஏற்றுக்கொள் என்று இரண்டு வரி எழுதி அதன் வாயை அடைத்தேன். வெளியிடும் முன் இதை நீக்க வேண்டும் என்று பக்கத்திலேயே குறிப்பும் எழுதினேன். குறிப்பும் இருந்தது, அந்த இரண்டு வரியும் இருந்தன, ஆப் வெளியாகிவிட்டது. ஒரு பயணியின் ஆதாரைக் கவுண்டரில் ஒருவரும் படகின் வாசலில் இன்னொருவரும் வாங்கிப் பார்க்கிற ஊரில், யார் என்று கேட்காமலே எல்லோரிடமும் பேசும் ஆப் ஒன்று இரண்டு மாதம் ஓடியது. யாரும் குறை சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்று மேனேஜர் எனக்கு ஒரு டப்பா முந்திரி கொடுத்தனுப்பினார்.

விஷயம் வெளியே வந்தது ஒரு மழைநாளில். கடல் கொந்தளிப்பாக இருந்ததால் ஹேவ்லாக் தீவுக்குப் போகும் காலைப் படகு கிளம்பவில்லை. ஜெட்டியின், அதாவது படகுத்துறையின், காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் கோயம்புத்தூர்க்காரர், பெங்களூரில் வேலை. ஆப்களில் ஓட்டை இருக்கிறதா என்று சோதிப்பதுதான் அவர் தொழில். மனைவி, இரண்டு குழந்தைகளோடு சுற்றுலா வந்திருந்தார். லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லி மனைவி எவ்வளவோ சொன்னாராம். கேட்கவில்லை.

மழை விடவில்லை, பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், மனைவி பேசவில்லை. மனிதர் லேப்டாப்பைத் திறந்து அதையே ஒரு வைஃபையாக மாற்றி, தன் போனை அதில் இணைத்து, எங்கள் ஆப் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தார். ஒரு போலிச் சான்றிதழை நீட்டியதும் ஆப் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டு அவர் குடும்பத்தின் பெயர், வயது, ஆதார் எண் எல்லாவற்றையும் அவரிடமே கொட்டியது. அதற்குள் கூடத்தில் இருந்த இன்னும் சிலர், இலவசமாக ஒரு வைஃபை கிடைத்ததே என்று அதில் சேர்ந்துவிட்டார்கள். அவர்களின் விவரமும் வரத் தொடங்கவே பயந்துபோய் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நேராகக் கவுண்டருக்குப் போயிருக்கிறார்.

கவுண்டரில் இருந்தவர் டிக்லிபூர் பக்கத்து வங்காளி. வேலையில் மிகவும் கறார். கோயம்புத்தூர்க்காரர் அவரிடம், உங்கள் ஆப்பில் எல்லோருடைய விவரமும் எனக்குத் தெரிகிறது என்று இந்தியில் சொல்லியிருக்கிறார்.

"திக் ரஹா ஹை தோ அச்சா ஹை நா?" என்றாராம் அவர். தெரிகிறதென்றால் நல்லதுதானே? நெட் கிடைக்காமல் எதுவுமே தெரியவில்லை என்ற புகாரை மட்டுமே ஆண்டுக்கணக்காகக் கேட்டவர் அவர்.

எப்படியோ விஷயம் மேனேஜரிடம் போய், அவர் என்னைக் கூப்பிட்டார். ஸ்கூட்டியில் நனைந்துகொண்டே ஜெட்டிக்குப் போனேன். கம்பெனியின் சின்ன அறையில் மூவரும் உட்கார்ந்தோம். கோயம்புத்தூர்க்காரர் மேனேஜரின் போனை வாங்கி, தன் வைஃபையில் இணைத்து, ஆப்பைத் திறக்கச் சொன்னார். அவர் தன் லேப்டாப்பில் ஏதோ தட்டியதும், போனில் 'தாமதம்' என்று இருந்த இடத்தில் 'குறித்த நேரத்தில் புறப்பட்டது' என்று வந்தது. வெளியே படகு கட்டியபடியே ஆடிக்கொண்டிருந்தது.

மேனேஜர் போனையும் படகையும் மாறி மாறிப் பார்த்தார். "அரே, இதை முன்னாடியே யாராச்சும் சொல்லியிருந்தா, கம்ப்ளெய்ன்ட்டே வந்திருக்காதே!"

அது விளையாட்டில்லை என்று புரியவைக்கக் கால் மணி நேரம் ஆனது. புரிந்த பிறகு அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு, முந்திரி டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் போல இருந்தது.

"எல்லாரும் செய்யற தப்புதானுங்க, மேடம்," என்று கோயம்புத்தூர்க்காரர் எனக்காகப் பரிந்து பேசினார். "என்ன, பொதுவா காலேஜ் பசங்கதான் செய்வாங்க."

எனக்குக் காது சூடேறியது. நன்றி சொன்னேன். அவர் கிளம்பும்போது, "ரெண்டு வரியை எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீந்துரும். அதுக்கு மேலயும் பூட்டறதுன்னா, உங்க சர்வர் சான்றிதழை மட்டுந்தான் நம்பணும்னு ஆப்புக்குள்ளயே எழுதிடலாம். ஆனா அடுத்து வரப்போற சான்றிதழோட சாவியையும் சேர்த்து எழுதி வைங்க. இல்லீன்னா சான்றிதழ் மாறும்போது நீங்களே மாட்டிக்குவீங்க," என்றார்.

தலையாட்டினேன். அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் செய்தேன். 'காலேஜ் பசங்க' காதில் ஒலித்துக்கொண்டிருந்ததால் மற்றது ஏறவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், அவர் சொன்னதைவிடக் கடுமையாகச் செய்துவிட வேண்டும் என்ற வீம்பு. எங்கள் சர்வரின் அந்த ஒரே ஒரு சான்றிதழைத் தவிர உலகத்தில் வேறு எதையும் நம்பாதே என்று ஆப்புக்கு எழுதினேன். வேறு எது வந்தாலும் திரை முழுக்கச் சிவப்பாகி, தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் ஓர் எச்சரிக்கை வரும்: 'உங்கள் இணைப்பை யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள். உங்கள் பாதுகாப்புக்காக இணைப்பு துண்டிக்கப்படுகிறது.' அந்த வாசகத்தை நாலு தடவை திருத்தினேன். போதாதென்று ஜெட்டிச் சுவரில் ஓர் அறிவிப்பும் ஒட்டவைத்தேன். ஜெட்டியில் யாராவது வந்து ஆப்பை மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள், உங்கள் போனைக் கொடுக்காதீர்கள் என்று.

சில வாரங்கள் நிம்மதியாக இருந்தேன். சர்வர் தன் சான்றிதழைத் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்திருந்ததும் நானேதான். அதற்காகப் பெருமைப்பட்டதும் உண்டு. அது சொன்ன சொல் தவறாமல் ஒருநாள் விடியற்காலையில் பழைய சான்றிதழைக் கழற்றி வைத்துவிட்டுப் புதியதை எடுத்து மாட்டிக்கொண்டது.

காலையில் இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றும்போது மேனேஜரிடமிருந்து போன்.

"என்னம்மா, எவனோ ஒட்டுக்கேக்கிறானாமே! ஜெட்டி பூரா ஹல்லா ஆயிருச்சு. ஜல்தி வா."

முதலில் எனக்கு வந்தது பயமில்லை, பெருமை. பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். டெலானிபூர் இறக்கத்தில் பாதி தூரம் வந்த பிறகுதான், எல்லாப் போனிலும் ஒரே நேரத்தில் எப்படி ஒட்டுக்கேட்பான் என்று தோன்றியது. வண்டியை ஓரம்கட்டி, போனில் சர்வரின் சான்றிதழைப் பார்த்தேன். இன்றைக்குப் பிறந்தது. ஆப் நம்புவதோ பழையதை மட்டும்.

ஜெட்டியில் ஒரு படகுக்கான கூட்டம், ஆளுக்கொரு சிவப்புத் திரையைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவரைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது. டிக்கெட் எல்லாம் ஆப்புக்குள் இருந்தது. ஆப் யாருக்கும் திறக்கவில்லை. கடற்படை இருக்கும் ஊர் இது. ஒட்டுக்கேட்பு என்ற வார்த்தையை இங்கே யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. வாசலில் நின்ற பாதுகாப்பு ஜவான் ஒருவர், காதில் பெரிய ஹெட்போனும் கையில் குடை மாதிரி ஒரு மைக்குமாக மூலையில் உட்கார்ந்திருந்தவரைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார். பறவைகளின் சத்தத்தைப் பதிவு செய்து ஆராய்ச்சி செய்பவர். அவர் தன் பதிவை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். ஜவான் கண்ணை மூடி ஒரு மைனாவின் குரலை மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் அவர்களிடம் போய், "இவரை விட்டுருங்க. யாரும் ஒட்டுக்கேட்கலை. தப்பு என்னோடது," என்று இந்தியில் சொன்னேன்.

"நீங்கதான் ஒட்டுக்கேட்டீங்களா?" என்றார் ஜவான்.

அதை விளக்கி முடிக்கும்வரை பறவைக்காரர் பொறுமையாக நின்றார். ஜவான் அவரை விட்டதும், என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "பரவாயில்லை, இதுவரை யாரும் என் ரெக்கார்டிங்கை இவ்வளவு நேரம் கேட்டதில்லை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

படகைக் காப்பாற்றியது கவுண்டர்க்காரர். துறைமுக அலுவலகத்துக்குக் கொடுப்பதற்காக முந்தின நாள் மாலையே பயணிகள் பட்டியலைக் காகிதத்தில் எடுத்து வைப்பது அவர் வழக்கம். ஆப் வந்த பிறகு அது தேவையில்லை என்று நான் அவரிடம் இரண்டு முறை சொல்லியிருந்தேன். இப்போது அவர் அந்தக் காகிதத்தை விரித்து, ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஏற்றினார். படகு முக்கால் மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. நான் கம்பெனி அறையில் உட்கார்ந்து, இன்னும் மூன்று வாரத்துக்குச் செல்லக்கூடிய பழைய சான்றிதழைத் தேடியெடுத்துத் திரும்ப சர்வரில் மாட்டினேன். சிவப்புத் திரைகள் அடங்கின.

ஆக, மூன்று வாரத்துக்குள் எல்லோரும் புதிய ஆப்புக்கு மாறியாக வேண்டும். இந்த முறை மாற்றுச் சாவியையும் சேர்த்து எழுதினேன். போனின் ஆப் கடையில் புதிய பதிப்பு ஏறியது. ஆனால் சொன்னதும் அப்டேட் செய்கிறவர்கள் யார்? ஃபைலை ப்ளூடூத்தில் ஆளுக்கு ஆள் அனுப்பிவிடலாம் என்றார் மேனேஜர். முன்பின் தெரியாதவர் அனுப்பும் ஆப்பை வாங்கிப் போட்டுக்கொள்ள மக்களைப் பழக்கிவிட்டால், அப்புறம் யாரும் கஷ்டப்பட்டு ஒட்டுக்கேட்க வேண்டியதே இல்லை என்று சண்டை போட்டேன். கடையிலிருந்துதான் எடுக்க வேண்டும், நானே நின்று சொல்கிறேன் என்றேன்.

அப்படியே தினமும் காலையில் ஜெட்டியில் நின்றேன். முதல் நாளே ஒரு நர்ஸம்மாவிடம் மாட்டினேன். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர், ஹேவ்லாக்கில் வேலை. அவருடைய அப்பா அம்மா இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். நான் பேசத் தொடங்கியதும் அவர் சுவரைக் காட்டினார்.

"அங்க எழுதியிருக்குங்களே, ஜெட்டியில யாரும் வந்து ஆப்பை மாத்தச் சொன்னா கேக்க வேணாம்னு."

"அதை எழுதினதே நான்தாங்க."

"அப்படித்தானே களவாணியும் சொல்லுவான்?" கோபமே இல்லாமல், ஊசி போடுகிற நிதானத்தில் கேட்டார். "கம்பெனிக் கார்டு ஏதும் இருக்குங்களா?"

எனக்கு ஏது கார்டு? நான் யாரிடமும் மாதச் சம்பளத்தில் இல்லை. ஆதாரைக் காட்டினேன். "இதுல நீங்க யாருன்னுதான் இருக்கு, நல்லவங்களான்னு இல்லையே," என்றார். அவர் கேட்டதில் ஒரு தவறும் இல்லை. என் ஆப்பிடம் நான் எதிர்பார்த்ததும் இதைத்தான். கடைசியில் கவுண்டர்க்காரர் தலையை வெளியே நீட்டி, "யே தீதி அஸ்லி ஹை," இந்த அக்கா அசல்தான் என்று சாட்சி சொன்ன பிறகே அவர் அப்டேட் செய்தார். செய்த கையோடு, வரிசையில் இருந்த மற்றவர்களையும் தானே கூப்பிட்டு, "அசல் ஆளுதான், விசாரிச்சுட்டேன்," என்று மாற்றவைத்தார். அன்றைக்கு நான் பேசி மாறியவர்களைவிட அவர் சொல்லி மாறியவர்களே அதிகம்.

பழைய சான்றிதழ் காலாவதியான நாளில் சிலருக்கு மட்டும் சிவப்புத் திரை வந்தது. அவர்கள் கவுண்டருக்கு வந்து காகித டிக்கெட் வாங்கிப் போனார்கள். கவுண்டர்க்காரரின் முகத்தில் அன்று முழுக்க ஒரு தெளிவு இருந்தது. கோயம்புத்தூர்க்காரருக்கு நடந்ததை மறைக்காமல் மெயில் எழுதினேன். கிண்டல் செய்யாமல் பதில் போட்டார். அவருடைய முதல் கம்பெனியில் இதே தவறால் ஒரு நாள் முழுக்க வேலை நின்றதாம். அதை அன்றைக்கே ஜெட்டியில் சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பேன்.

மேனேஜர் என்னைக் கைவிடவில்லை. போன வாரம் கூப்பிட்டு, பத்துபஸ்தியில் தன் மச்சான் திறக்கப்போகும் லாட்ஜுக்கும் ஓர் ஆப் வேண்டும் என்றார்.

"வெளியாள் யாரும் உள்ள வராத மாதிரி பண்ணிரும்மா. ஆனா கஸ்டமர் வரணும், சம்ஜி, புரியுதா?"

ஒப்புக்கொண்டேன். இடத்தைப் பார்த்துவிட்டும் வந்தேன். பெயிண்ட் வேலையே இன்னும் முடியவில்லை. வாசலில் மட்டும் 'பாஸ்வேர்ட் இல்லாத இலவச வைஃபை' என்று ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள்.