கடைசிப் படகுக்கு முன் ஒரு பெயர்

நெடுந்தீவில் விழா எடுப்பவர்கள் முதலில் பார்ப்பது படகு நேரத்தை. மேடையைப் பற்றிப் பிறகுதான் யோசிப்பார்கள். பிரதம விருந்தினர் அக்கரையில் உள்ள குறிகட்டுவான் துறையிலிருந்து காலைப் படகில் வருவார், பிற்பகல் கடைசிப் படகில் திரும்புவார். அதற்குள் மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, சாப்பாடு, பொன்னாடை எல்லாம் நடந்தாக வேண்டும். எஞ்சிய நேரம் ஊர்ப் பிள்ளைகளுக்கு. பெரும்பாலும் எதுவும் எஞ்சுவதில்லை. இதை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை. கடலின் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறோம். எந்த உரையையும் நீட்டும்படி கடல் கேட்டதில்லை.

துஷாந்தினிக்கு இந்த ஏற்பாடு ஒருநாளும் பிடித்ததில்லை. அன்ரன் என்ற மீனவரின் மகள் அவள். சிறு வயதிலேயே தேவாலயப் பாடகர் குழுவில் அவளுடைய குரல் தனியாகக் கேட்கும். பெருநாளுக்குக் கூத்துப் பழகத் தொடங்கியபோது, அரசி வேடத்தைத் தனக்குத் தரும்படி கேட்டாள்.

"பொம்பிளை வேசமும் ஆம்பிளையள்தான் கட்டுறது, பிள்ளை. நீர் பிற்பாட்டுக்கு நில்லும்" என்றார்கள்.

அந்த வருடம் அரசியாக வந்தவர் மீசையை வழித்துவிட்டு வந்தார். மேல் சுரம் அவருக்கு எட்டவில்லை. எட்டாத இடங்களையெல்லாம் திரைக்குப் பின்னால் நின்று துஷாந்தினி பாடினாள். மாலை அவருக்கு விழுந்தது.

பாடசாலையில் நாடகத்துக்குப் போனாள். ஊர்காவற்றுறையில் நடந்த போட்டியில் நடுவராக வந்தவர், "இது கூத்துக் குரல், நவீன நாடகத்துக்கு ஒத்துவராது" என்று எழுதிவிட்டுப் போனார். கூத்துக்காரருக்கு அவளுடைய உருவம் வேண்டாம், நாடகக்காரருக்குக் குரல் வேண்டாம். இரண்டையும் ஒன்றாக ஏற்றுக்கொண்டவர்கள் முன்பள்ளிப் பிள்ளைகள் மட்டும்தான். அங்கே ஆசிரியையாகச் சேர்ந்தவள் கதை சொல்லத் தொடங்கினாள். நரிக்கு ஒரு மெட்டு, நண்டுக்கு ஒரு நடை, நடுவில் சாதாரணப் பேச்சு. பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த தாய்மாரும் வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

ஒருநாள் அவளுடைய தாய் மேரிஜோசப்பின் சொன்னாள்: "நரிக் கதை காணும். என்ர கதையைச் சொல்லு."

அந்தக் கதை தீவில் பலருக்கு அரைகுறையாகத் தெரியும். துஷாந்தினி பிறப்பதற்கு முன்பு, வாடைக்காற்று வீசும் மாதத்தில், மேரிஜோசப்பினுக்கு முதற் பிள்ளையின் பிரசவ நோ கண்டது. யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கடல் கொந்தளித்ததால் படகு போகவில்லை. காற்றுக் கொஞ்சம் தணிந்ததும் சந்தியோகு என்பவர் தன் வள்ளத்தில் அவளை ஏற்றினார். நடுக்கடலில் ஆண் குழந்தை பிறந்தது. மூச்சு நிற்கப்போகிறது என்று சந்தியோகுவுக்கு விளங்கியது. சாகும் தறுவாயில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது இங்குள்ள கத்தோலிக்கருக்குத் தெரியும். குடிக்க வைத்திருந்த தண்ணீரைத் தலையில் ஊற்றி அவர் ஒரு பெயர் வைத்தார். கரை தெரிவதற்கு முன்பே குழந்தை இறந்துவிட்டது. வீட்டில் அதன் பிறகு அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. அன்ரனால் தாங்க ஏலாது என்று மேரிஜோசப்பினும் வாயை மூடிக்கொண்டாள். சந்தியோகுவும் காலமாகிவிட்டார்.

"ஊருக்கு முன்னால அவன்ர பேரைச் சொல்லு" என்று தாய் கேட்டாள். "வேற ஒண்டும் வேண்டாம்."

துஷாந்தினி மாதக்கணக்கில் அதை உருவாக்கினாள். ஊர்க் கூத்துக்கு மத்தளம் அடிக்கும் றெக்ஷன் என்ற பொடியன் இதற்கும் மத்தளம். மற்றப்படி அவள் ஒருத்திதான். சந்தியோகுவின் பேச்சுக்கெல்லாம் கூத்து மெட்டு. தாயின் பகுதியில் பாட்டே இல்லை.

"அங்கயும் ஒரு விருத்தம் வைச்சா நல்லாயிருக்குமே?" என்று றெக்ஷன் கேட்டான்.

"நோவில கிடக்கிறவள் விருத்தம் பாடுவாளோ? உமக்குப் பல்லுக்குத்து வந்தாப் பாடுவீரோ?"

ஊர்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் அதைப் போட ஒழுங்காயிற்று. முழு நேரமும் தருவோம் என்று சங்கச் செயலாளர் நிசாந்தன் வாக்குக் கொடுத்தான். விழாவன்று காலையில், கலையை வளர்க்க வேண்டியதன் அவசியம் பற்றிப் பிரதம விருந்தினர் பேசத் தொடங்கினார். பேசினார், பேசினார். பிள்ளைகள் வெளியே போய் விளையாடிவிட்டுத் திரும்பி வந்தார்கள். அவர் இன்னும் கலையை வளர்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு நிசாந்தன் மேடைக்குப் பின்னால் ஓடிவந்தான்.

"அக்கா, கொஞ்சம் சுருக்க ஏலுமே? ஐயா படகுக்குப் போகவேணும்."

"எதைச் சுருக்கிறது?"

"அந்த அழுகைப் பகுதியை..."

"அதில அழுகையே இல்லை. நீர் ஒத்திகைக்கு வந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

அவள் தொடங்கினாள். மத்தளத்தில் காற்று எழுந்தது. வள்ளம் மேடையில் இல்லை, ஆனால் அவள் கால் வைத்து நின்ற விதத்தில் முன்வரிசைப் பெண்களும் கதிரையைப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளை பிறந்தது. சந்தியோகுவாக மாறி, தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கையை உயர்த்தினாள்.

ஒலிபெருக்கியில் நிசாந்தனின் குரல் வந்தது: "நன்றி, நன்றி! மிகவும் அருமையான நிகழ்ச்சி. நேரம் போதாமையால் இத்துடன் நிறைவுசெய்து, அடுத்து பொன்னாடை..."

"நேரம் காணாதெண்டால் காலமை ஏன் அவ்வளவு கதைச்சனீங்கள்?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். சனம் சிரித்தது.

விருந்தினர் சிரித்தபடியே எழுந்தார். "நல்லாச் செய்தீங்கள், தங்கச்சி. மிச்சத்தை வீடியோ எடுத்து அனுப்பிவிடுங்கோ."

மிச்சம்! இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை. ஒரு குழந்தையின் ஆயுள் முழுவதும் அந்த மிச்சத்துக்குள்தான் இருந்தது.

துஷாந்தினி உயர்த்திய கையை இறக்கவில்லை. மேடையை விட்டுப் போகவுமில்லை. யாரோ ஒலிவாங்கியை நிறுத்தினார்கள்.

அப்போது பக்கவாட்டில் போட்டிருந்த மர வாங்கிலிருந்து மேரிஜோசப்பின் எழுந்தாள். முன்கதிரைகள் விருந்தினருக்கானவை என்று அவளை அங்கேதான் இருத்தியிருந்தார்கள்.

"தம்பி நிசாந்தன், அவையள் போறதெண்டாப் போகட்டும். என்ர பிள்ளைக்கு இன்னும் பேர் வைக்கேல்லை. அதுக்கு முதல் என்ர மகளை இறக்க ஒருத்தராலயும் ஏலாது."

நிசாந்தன் விரித்த பொன்னாடையோடு அப்படியே நின்றான். விருந்தினர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு படியிறங்கிப் போனார். சங்கத்தில் பாதிப்பேர் வழியனுப்ப அவருக்குப் பின்னால் ஓடினார்கள். மற்றவர்கள் இருந்தார்கள்.

றெக்ஷன் மத்தளத்தைத் தொட்டான். மெல்லத்தான் தொட்டான்.

"சவிரிமுத்து" என்று துஷாந்தினி பாடினாள். ஒலிபெருக்கி இல்லாத குரல் கடைசி வாங்குவரை போயிற்று. "பிதாவின் பெயராலும், சுதனின் பெயராலும், பரிசுத்த ஆவியின் பெயராலும் நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

கத்தோலிக்கப் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சைவப் பெண்கள் எழுந்து நின்றார்கள். வாசலில் நின்ற அன்ரன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மேரிஜோசப்பின் மட்டும், சாப்பிடக் கூப்பிடுவதுபோல, ஒரு தரம் உரத்துக் கூப்பிட்டாள்: "சவிரிமுத்து!"

அடுத்த கிழமை நிசாந்தன் வீட்டுக்கு வந்தான். நடந்ததற்கு ஒரு சொல் வருத்தம் தெரிவிக்கவில்லை. பட்டணத்திலிருந்து சிலர் அதைப் பார்க்க வரப்போகிறார்களாம். படகுக்கு முன் முடிகிற மாதிரிச் சுருக்கித் தர வேண்டுமாம்.

துஷாந்தினி அவனைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள்.

"அவையளை அண்டைக்குக் கடைசிப் படகைப் போகவிட்டிட்டு இஞ்ச நிக்கச் சொல்லும். படுக்கிறதுக்குப் பாய் நாங்கள் குடுப்பம்."

"அவையள் பெரிய ஆக்கள், அக்கா. பாயில எப்பிடி..."

"அப்ப வரவேண்டாமெண்டு சொல்லும்."