எதிர்காற்றும் இரண்டு விரல்களும்

ஆனி பிறந்தால் தென்காசியிலிருந்து மேற்கே சைக்கிள் மிதிப்பது பெரும்பாடு. ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கும் காற்று செங்கோட்டை வரைக்கும் எதிரிலேயே நிற்கும். குற்றாலத்துக்குச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு அது குளிர்ந்த காற்று. தினமும் புளியறைக்குப் போய் வரவேண்டிய எனக்கு அது நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிற ஆள்.

செங்கோட்டை நம் மாகாணத்தோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்த நேரம். புளியறையில் ஒரு மர டிப்போவில் தடிகளை அளக்கிற வேலை எனக்கு. முதல் பஸ் வருவதற்குள் லாரிகள் வந்து வரிசையாக நின்றுவிடும். அதனால் சைக்கிள்தான். கல்யாணமாகி இரண்டாவது வருஷம், பெண் குழந்தை பிறந்து தவழ ஆரம்பித்திருந்தது.

என் சைக்கிளில் இருந்தது எல்லோரும் வைத்திருக்கும் அகலமான ஹேண்டில்பார். அதைப் பிடித்தால் முதுகு நேராக நிற்கும், நெஞ்சு முழுக்கக் காற்றுக்குத் திறந்திருக்கும். இலஞ்சி தாண்டியதும் மிதிக்க மிதிக்க வண்டி நகராது. சில நாள் இறங்கி உருட்டிக்கொண்டே போயிருக்கிறேன். ஒருநாள் என்னைத் தாண்டிப் போன ஒரு வாலிபன், ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பாரைப் பிடித்து, வண்டியோடு வண்டியாகப் படுத்துக்கொண்டு, காற்று என்று ஒன்று இல்லாததுபோலப் போனான். அன்று சாயங்காலமே சைக்கிள் கடையில் போய் நின்றேன்.

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். மதுரையிலிருந்து யாரோ கொண்டுவந்து விற்றுவிட்டுப் போன ரேஸ் ஹேண்டில்பார் ஒன்று அவரிடம் ஆணியில் தொங்கியது.

"இதைப் போட்டா கம்பிப் பிரேக்கை எடுத்துட்டு வயர் பிரேக்கும் போடணும் அண்ணாச்சி. தினப்படி ஓட்டுதவங்களுக்கு இது கஷ்டம்லா" என்றார்.

"காத்து தாங்க முடியல. போட்டுக் குடுங்க" என்றேன்.

முதல் வாரம் கழுத்தும் இடுப்பும் வலித்தன. பிறகு பழகிவிட்டது. முழங்கையை மடக்கி, தலையைத் தாழ்த்திக்கொண்டால் காற்று முதுகின்மேல் வழிந்து போய்விடும். புளியறைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன். என் உடம்பின் பாரம் முழுவதும் இரண்டு உள்ளங்கைகளின் அடிப்பாகத்தில் இறங்கியிருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆடியில் மனைவியின் தாய்வீட்டார் சீசனுக்கு வந்திருந்தார்கள். எல்லோரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலத்துக்குப் போனோம். பேரருவியில் நல்ல தண்ணீர். ஆண்கள் பக்கம் முண்டியடித்து உள்ளே போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலையிலும் தோளிலும் அடி விழுந்தது. இடது கையை விரித்து மேலே நீட்டினேன். பெருவிரலில் தண்ணீர் சுரீரென்று பட்டது. நடுவிரலிலும் பட்டது. சுண்டுவிரலில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து விரலில் பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. வலது கையை நீட்டினேன். அதிலும் சுண்டுவிரல் மந்தமாக இருந்தது.

பின்னால் நின்றவர், "குளிச்சது போதும், தள்ளும்வே" என்று சத்தம் போட்டார். வெளியே வந்து பாறையில் உட்கார்ந்து விரலைக் கிள்ளிப் பார்த்தேன். வேறு யாருடைய விரலையோ கிள்ளுவதுபோல இருந்தது.

அந்தக் காலத்தில் விரல் மரத்துப்போனால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் ஒரே ஒரு வியாதிதான் நினைவுக்கு வரும். அதன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். 'அந்த நோவு' என்பார்கள். குற்றாலத்துக்குப் போகிற வழியிலேயே, துணி சுற்றிய கைகளைத் தகரக் குவளையோடு நீட்டிக்கொண்டு சிலர் உட்கார்ந்திருப்பார்கள். காலையில் அவர்களைத் தாண்டித்தான் போனோம். திரும்பும்போது என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. அதற்கப்புறம் என் வீட்டுக்குள் நான் ஒரு விருந்தாளியைப்போல நடமாடினேன். என் தட்டை நானே கழுவிவைத்தேன். பாயைத் தள்ளிப் போட்டுப் படுத்தேன். குழந்தை தவழ்ந்து வந்து காலைப் பிடித்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். அது அழும். உள்ளேயிருந்து மனைவி எட்டிப் பார்ப்பாள். வேலைக்களைப்பு என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். தினமும் போக வர அதே ஹேண்டில்பாரைத்தான் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். டிப்போவில் அளவு நாடா இடது கையிலிருந்து நழுவ ஆரம்பித்தது. சட்டைப் பித்தான் போட இடது கை உதவாமல் வலது கையாலேயே போட்டுக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். கொதிக்கக் கொதிக்க இருந்த டம்ளரை இடது கையால் எடுத்துக் குடித்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுடலியா?" என்றாள்.

"இல்லியே."

அவள் என் கையைப் பிடித்துத் திருப்பினாள். சுண்டுவிரலின் ஓரத்தில் தோல் கொப்புளமாக எழும்பிக்கொண்டிருந்தது. கையை வெடுக்கென்று உருவிக்கொண்டேன்.

"தொடாதே."

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

நான் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அவளுக்கும் அந்த ஒரே வியாதிதான் நினைவுக்கு வந்திருக்கும். அவள் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்தேன். பிறகு உள்ளே போய்த் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பிடிங்க" என்றாள்.

"வேண்டாம். சொன்னாக் கேளு."

"ஒரே வீட்டுல ஒரே பானைச் சோறுதான் திங்கோம். வரணும்னு இருந்தா எங்களுக்கும் இதுக்குள்ள வந்திருக்கும். இப்படித் தள்ளித் தள்ளிப் போறீங்களே, அதைத்தான் தாங்க முடியல. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். நானும் வாறேன்."

குழந்தையை என் மடியில் கிடத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே அவள் அழுதாள் என்று எனக்குத் தெரியும். குழந்தை மடியில் தூக்கத்திலேயே ஒருதரம் புரண்டது. நான் கைகளை அதன்மேல் படாமல் தூக்கியே வைத்திருந்தேன்.

ஊரை ஒட்டி இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்குத் தோல் வியாதி பார்க்க வெளியூரிலிருந்து ஒரு டாக்டர் வாரத்துக்கு ஒருதரம் வருவார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி கேரியரில் உட்கார, சைக்கிளிலேயே போனோம். தாழ்வாரத்தில் மர பெஞ்சு. அதன் கோடியில் ஒருவர் துண்டுக்குள் வலது கையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். சுந்தரபாண்டியபுரத்தில் நெல் பயிரிடுகிறவர், பஸ்ஸில் ஏறக் கூச்சப்பட்டு அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

"தம்பிக்கு எந்தக் கை?" என்று கேட்டார்.

"ரெண்டும்தான் அண்ணாச்சி. இடதுலதான் ஜாஸ்தி. ரெண்டு விரல்."

"எனக்கும் ரெண்டு விரல்தான்" என்றார். துண்டை விலக்கிக் காட்டினார். இரண்டு விரல்களும் லேசாக உள்பக்கம் வளைந்திருந்தன. "நாத்து நடும்போது கையில முள் ஏறியிருக்கு. மறுநாள் வீட்டுக்காரிதான் பாத்துச் சொன்னா."

துண்டை மறுபடியும் கைமேல் இழுத்து மூடிக்கொண்டார்.

என்னை முதலில் கூப்பிட்டார்கள். டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகு, தொடை எல்லாம் வெளிச்சத்தில் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். முழங்கையின் உட்பக்கம் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பை விரலால் உருட்டிப் பார்த்தார். காது மடலில் கொஞ்சம் கீறி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிச் சோதனைக்கு உள்ளே அனுப்பினார். என் மனைவி கதவருகில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"புறங்கையில உணர்ச்சி நல்லா இருக்கு. உள்பக்கம்தான் இல்லை. அந்த வியாதின்னா முழங்கை நரம்பு தடிச்சிருக்கும், அதுவும் இல்லை" என்று தமக்குள் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு என் உள்ளங்கையின் அடியில் இருந்த காய்ப்பைக் கட்டை விரலால் அழுத்தினார். சுண்டுவிரல் வரைக்கும் மின்சாரம் பாய்ந்ததுபோல இருந்தது. "இது எப்படி வந்தது? மண்வெட்டி பிடிக்கிறீங்களா?"

"இல்ல டாக்டர். தடி அளக்கிற வேலை. சைக்கிள்ல புளியறை போய் வருவேன்."

"சைக்கிள் இங்கே இருக்கா? எப்படிப் பிடிப்பீங்க, காட்டுங்க."

வெளியே வந்து சைக்கிளில் ஏறிக் குனிந்தேன். மனைவி பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் கீழே குனிந்து என் கையையும் மணிக்கட்டையும் பார்த்தார்.

"மணிக்கட்டுக்குக் கீழே, இந்த எலும்புக்குப் பக்கத்தில் ஒரு நரம்பு போகுது. உங்க பாரம் முழுக்க அதுமேலதான் உட்கார்ந்திருக்கு. கொஞ்ச நாள் சைக்கிளைத் தொடாதீங்க. காது மடல்ல எடுத்ததையும் பார்த்துச் சொல்றேன். எனக்கு நம்பிக்கை இருக்கு, அந்த வியாதி இல்லை."

அது இல்லை என்று அன்றே சொல்லிவிட்டார்கள். மனைவி குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிக்க வேண்டும்போல, ஓட வேண்டும்போல இருந்தது. அப்போதுதான் பெஞ்சைப் பார்த்தேன். அவர் எழுந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

"போலாமா?" என்றேன்.

"அவரும் வந்துரட்டும்" என்றாள் மனைவி.

வெகு நேரம் ஆயிற்று. வெளியே வந்தபோது அவர் கையில் ஒரு மாத்திரைப் பொட்டலம் இருந்தது. எங்களைப் பார்த்ததும் தள்ளியே நின்றுகொண்டார்.

"இருக்குதாம் தம்பி. மாத்திரை விடாம சாப்பிட்டா இதோட நின்னுருமாம். வளைஞ்ச விரல் நிமிராதாம்."

என் கை அவருக்கும் அவர் கை எனக்கும் வந்திருக்கலாம். பெஞ்சில் ஒரு முழம் இடைவெளிதான்.

புரட்டாசி வரைக்கும் பஸ்ஸில் போனேன். டிப்போ முதலாளி நேரம் கழித்து வர அனுமதித்தார். முதலில் சுண்டுவிரலில் எறும்பு ஊர்வதுபோலக் குறுகுறுத்தது. ஒருநாள் குழந்தை அந்த விரலைப் பிடித்து, புதிதாக முளைத்திருந்த பல்லால் கடித்தது. வலித்தது. மறுபடியும் கடிக்கச் சொல்லி அதன் வாயில் விரலை வைத்தேன்.

பிறகு மறுபடியும் ஹேண்டில்பார் பார்க்கப் போனேன். இந்தத் தடவை அவசரப்படவில்லை. கடைக்காரர் ஒவ்வொன்றாக மாட்ட, ஏறி உட்கார்ந்து பார்த்தேன். பழைய அகலமான பாரில் கைக்குச் சுகம், ஆனால் காற்று நெஞ்சில் ஏறும். நேரான கம்பியில் மணிக்கட்டு முறுக்கிக்கொண்டது. கடைசியில், மீசையைப்போல இரண்டு பக்கமும் மெல்லப் பின்னோக்கி வளைந்த ஒன்று கிடைத்தது. என் தோள் அகலம்தான் இருந்தது. அதை சீட்டின் உயரத்துக்கே வைக்கச் சொன்னேன். முழங்கையை மடக்கினால் உடம்பு பாதி தாழ்ந்தது, பாரம் கையில் இறங்காமல் இடுப்பிலேயே நின்றது. கைப்பிடியில் பழைய டியூபை வெட்டிச் சுற்றி, மேலே நாடாத்துணி சுற்றினோம். முழுக் காற்றையும் ஏமாற்ற முடியாது. பாதியை ஏமாற்றினால் போதும் என்று ஆகிவிட்டது.

மாத்திரை வாங்க வருகிற நாட்களில் சுந்தரபாண்டியபுரத்துக்காரரைப் பார்ப்பேன். ஒருதரம் துணிந்து பஸ்ஸில் ஏறியபோது, கண்டக்டர் ஒருவர் கையைப் பார்த்துவிட்டு அவரைப் பாதி வழியில் இறக்கிவிட்டிருந்தார். அதற்குப் பிறகு மழையிலும் நடந்துதான் வந்தார். ஒருநாள், "தம்பி, இந்தக் கையால சைக்கிள் பிடிக்க முடியுமா?" என்று கேட்டார்.

டாக்டரிடம் கேட்டேன். ஓட்டலாம், ஆனால் கொப்புளம் வந்தாலும் அவருக்குத் தெரியாது, தினமும் கையைப் பார்க்க வேண்டும் என்றார். கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "இங்கன கூட்டிட்டு வாங்க" என்றார்.

கடையில் கிடந்த பழைய சைக்கிள் ஒன்றைச் சுந்தரபாண்டியபுரத்துக்காரர் வாங்கினார். அவருக்கு அகலமான பழைய பாரே பொருந்தியது. நிமிர்ந்து உட்கார்ந்தால் கையில் பாரமே இருக்காது. வளைந்த விரல்கள் நழுவாமல் இருக்க வலதுபக்கக் கைப்பிடியைத் துணி சுற்றித் தடிமனாக்கினோம். முன்சக்கரப் பிரேக்கை, விரல்கள் நன்றாக இருந்த இடது கைக்கு மாற்றினார் கடைக்காரர். பிறகு அந்த வலது கையைத் தயங்காமல் பிடித்து, கைப்பிடிமேல் வைத்து அளவு பார்த்தார். சுந்தரபாண்டியபுரத்துக்காரர் அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அவர் பல வருஷம் அந்தச் சைக்கிளில் வந்து போனார். சொந்தக்காரர் சிலர் கடைசி வரைக்கும் அவரை விசேஷங்களுக்குக் கூப்பிடவில்லை. அதை அவர் ஒருதரம்தான் சொன்னார், குறையாகக்கூடச் சொல்லவில்லை. வயலை விடவில்லை. அறுபதுகளின் கடைசியில், நோவு போய்விட்டது என்று டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். அன்று எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து என் மனைவியிடம் காட்டினார்.

"பாருங்கம்மா. தினமும் ராத்திரி வீட்டுக்காரி விளக்குல பாத்துட்டுத்தான் படுப்பா. ஒரு புண்ணு கிடையாது."

என் மனைவி அந்தக் கைகளைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து சாப்பிடச் சொன்னாள். அவர் கொஞ்சம் தயங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.